வியாழன் துறைமுகம்

வெள்ளிக்கிழமையாம்.
புதிதாக எடுத்திருக்கும் ‘வியாழன் துறைமுகம்’
வெள்ளிக்கிழமை வெளியாகிறதாம்.
“கோளே மாறிப்போச்சே” என்று
முதல் சண்டையை மீரான்தான் தொடங்கினான்.

சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடை மாடி.
பதினோரு பேர், எட்டு நாற்காலி.
பெண் நான் ஒருத்தி என்பதால்
நாற்காலி உடனே கிடைத்தது,
பேச வாய்ப்பு ஏழரைக்குத்தான்.

அந்தக் காலத்து விண்கலம்
இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்துச் செய்தது.
அப்போதே எங்களுக்குத் தெரியும்.
கைப்பிடி ஆணிகூடத் தெரியும்.
தெரிந்தும், வியாழன்தோறும் எட்டு மணிக்கு
அது புறப்படும்போது
செல்லூரில் எங்கள் சந்தில்
அரைமணி நேரம் தறிச்சத்தம் நின்றது.
“இதுக்கு மேல என்ன கிராபிக்ஸ் வேணும்?”
என்கிறான் தனுஷ்கோடி.

ஜோதிமுருகன் விடவில்லை.
“கொப்பரைக்கு அழுறதுன்னா பாத்திரக்கடைக்குப் போ.
நமக்குப் பிடிச்சது கொப்பரையா, வியாழனா?”

நியாயமான கேள்விதான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
பருத்திப்பால் ஆறிக்கொண்டிருந்தது,
குடித்தோம்.

கலத்தின் குரலாகப் பேசிய கனகவல்லி
இறந்து எட்டு வருஷம்.
கம்ப்யூட்டரில் அந்தக் குரலை மறுபடி செய்திருக்கிறார்கள்.
டிரெய்லரில் ஒரே ஒரு வரி:
கதவை மூடுங்கள், வெளியே காற்று இல்லை.
மீரான் செல்போனைக் காதோடு ஒட்டி
மூன்று முறை கேட்டான்.
“காற்றுன்னு சொல்லுமுன்ன
அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கும்டா. ஆஸ்துமா.
இதுக்கு வாங்கல.”
“கப்பலுக்கு எதுக்குடா ஆஸ்துமா?”

மீரான் எழுந்துபோய்
மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான்.

அதோடு முடிந்திருக்கும்.
கடைசிப் பகுதியையும் புதிதாக எடுக்கிறார்களென்று
கண்ணாயிரம் சொல்லாமல் இருந்திருந்தால்.

தொண்ணூற்றொன்று. ஐப்பசி மழை.
கடைசி வியாழன், எட்டேகாலுக்கு
செல்லூரில் கரண்ட் போனது.
தல்லாகுளத்தில் போகவில்லை.
தல்லாகுளத்தில் பார்த்த தனுஷ்கோடிக்கு
கலம் பூமிக்குத் திரும்பிவிட்டது.
ஆனையூரில் பார்த்த ஜோதிமுருகனுக்குத் திரும்பவில்லை,
கேப்டன் ஒவ்வொரு விளக்காக அணைத்தாள்.
திருமங்கலத்துக் கண்ணாயிரத்துக்கோ
வியாழனில் மழை பெய்தது,
எல்லோரும் தொப்பியைக் கழற்றி நனைந்தார்கள்.

மூன்று பேரும் கண்ணால் பார்த்தவர்கள்.
மூன்று பேரும் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறார்கள்.
நாடா இல்லை.
அதன் மேலேயே ஒரு பட்டிமன்றத்தைப்
பதிவு செய்துவிட்டார்களாம்.
தீர்ப்பு என்னவென்று கேட்டேன்,
சிரித்தது நான் மட்டும்தான்.

“உங்க ஏரியாவுல ஆன்டெனா சரியில்ல.”
“உனக்கு அப்ப வயசு ஏழு, தூங்கிருப்ப.”
“மழைன்னா வெளியே பேஞ்ச மழையா இருக்கும்யா!”
கீழே ஜெராக்ஸ்காரர்
குச்சியால் கூரையைத் தட்டினார்.

ஏழரை ஆனது. என் முறை.
சொல்ல நினைத்தது இது:
அன்றைக்குக் கரண்ட் போனதும்
டி.வி. கண்ணாடியின் நடுவில்
ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது.
பக்கத்து வீட்டுக் கூடத்தில் இருபது பேர் இருந்தோம்,
ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.
புள்ளி சிறுத்துச் சிறுத்து
உள்ளே போய்க்கொண்டே இருந்தது.
அதுதான் கலம் என்று நினைத்தேன்.
அவ்வளவு தூரம் காட்டுகிறார்களே என்று
கை தட்டினேன், இருட்டில், தனியாக.
மறுநாள் பள்ளிக்கூடத்தில்தான்
அது முடிவு இல்லையென்று தெரிந்தது.
எந்தப் புதுக்காரன் வந்து
அதை எடுத்துக் காட்டுவான்?

சொன்னது இது:
“வெள்ளிக்கிழமை யார் வீட்டுல?”

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.
படியிலிருந்து குரல் வந்தது.
“எங்க வீட்டுல. ஆனா நான் பார்க்க மாட்டேன்.”

“பிறகு?”

“அடுப்படியில இருப்பேன். பிரியாணிக்கு ஆள் வேணும்ல.”
கொஞ்ச நேரம் கழித்து,
செருப்பைத் தேடும் சத்தத்தோடு:
“சவுண்டை மட்டும் கூட்டி வைங்க.”